சங்கிலி கோத்த அறிஞர்

நுழையும்முன்

ஒரு பொருள் பயன்படும்வரை உறுதியாக இருக்க வேண்டும். பயன் முடிந்தபின் மண்ணோடு மண்ணாகிவிட வேண்டும். இன்றைய உலகம் நெகிழியிடம் எதிர்பார்க்கும் பண்புகள் இவை. இரண்டையும் ஒரே பொருளில் பெறுவது எளிதன்று. உறுதி மிகுந்த நெகிழி மக்க மறுக்கிறது. எளிதில் மக்குவது உறுதியில் குறைகிறது. இம்முரணைத் தீர்க்க முயலும் அறிவியலின் தொடக்கப் பக்கங்களில் வாலஸ் கரோதர்சின் பெயர் இருக்கிறது. உலகம் அவரை நைலானைத் தந்தவராகவே நினைவில் வைத்திருக்கிறது. தாவரப் பொருளிலிருந்து பெறும் மக்கும் நெகிழியின் வரலாற்றிலும் அவருக்கு இடம் உண்டு என்பதைப் பலர் அறியார். அவ்வறிஞரின் வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

வாலஸ் ஹியூம் கரோதர்ஸ் 1896ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள பர்லிங்டன் நகரில் பிறந்தார். உடன்பிறந்தோர் நால்வரில் அவரே மூத்தவர். தந்தையார் டெ மாயின் நகரின் வணிகக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகவும் பின்னர்த் துணைத்தலைவராகவும் பணியாற்றினார். எங்கு நோக்கினும் மக்காச்சோள வயல்கள் பரந்து கிடக்கும் மாநிலம் அயோவா. பிற்காலத்தில் அம்மக்காச்சோளமே நெகிழியாக மாறும் என்பதை அந்நாளில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

பள்ளிக் கல்வியை முடித்த கரோதர்ஸ், தந்தையார் பணியாற்றிய கல்லூரியிலேயே ஓராண்டு கணக்கியல் பயின்றார். 1915ஆம் ஆண்டு மிசௌரி மாநிலத்தின் டார்க்கியோ கல்லூரியில் சேர்ந்தார். அங்குதான் வேதியியல் அவரை ஈர்த்தது. வேதியியல் பேராசிரியர் வேறு பணிக்குச் சென்றுவிட்டபோது, மாணவராக இருந்த கரோதர்சே பிற மாணவர்களுக்கு அப்பாடத்தைக் கற்பித்தார். கற்றுக்கொண்டே கற்பித்த அவ்வாய்ப்பு அவரது அறிவைக் கூர்மையாக்கியது.

1920இல் இளநிலைப் பட்டம் பெற்ற அவர், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும், 1924இல் முனைவர் பட்டமும் பெற்றார். சிறந்த கரிம வேதியியல் அறிஞரான ரோஜர் ஆடம்ஸ் அவருடைய நெறியாளர். பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் ஈராண்டுகள் கற்பித்துவிட்டு, 1926இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியை ஏற்றார்.

தயக்கமும் துணிவும்

அக்காலத்தில் தொழில் நிறுவனங்கள் பெரும்பாலும் விற்பனைக்கு உதவும் ஆய்வுகளையே ஊக்குவித்தன. அந்நிலையில் டூபாண்ட் என்னும் வேதிப்பொருள் நிறுவனம், உடனடிப் பயனை எதிர்பாராமல் அறிவியலின் அடிப்படைகளை ஆராயும் துறையொன்றைத் தொடங்க முடிவு செய்தது. அத்துறையில் கரிம வேதியியல் ஆய்வுக்குத் தலைமை ஏற்குமாறு கரோதர்சுக்கு அழைப்பு வந்தது.

அவர் முதலில் மறுத்தார். பல்கலைக்கழகத்தின் ஆய்வுரிமை தொழிற்கூடத்தில் கிடைக்குமா என்னும் ஐயம் ஒரு காரணம். மற்றொன்று அவருடைய உள்ளத்தைப் பற்றியது. இளமை முதலே மனச்சோர்வு அவரை அவ்வப்போது வாட்டி வந்தது. அந்நாள்களில் பணியாற்றும் திறன் குன்றிப்போவதை அவர் அறிந்திருந்தார். அதனை நிறுவனத்தாரிடம் மறைக்காமல் தெரிவிக்கவும் செய்தார். தம் குறையை முன்கூட்டியே எடுத்துரைத்த அந்நேர்மை போற்றத்தக்கது. நிறுவனத்தார் மீண்டும் வேண்டியதனால் இறுதியில் இசைந்து, 1928ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் அமைந்த ஆய்வு நிலையத்தில் பணியேற்றார்.

மூலக்கூறு மாலை

இரப்பர், பட்டு, பருத்தி ஆகியவற்றின் உள்ளமைப்பு எத்தகையது? 1920களில் வேதியியல் உலகைப் பிளவுபடுத்திய வினா இது. சிறு மூலக்கூறுகள் பல ஏதோ ஒரு விசையால் ஒட்டித் திரண்டு நிற்கின்றன என்றனர் பலர். மணிகள் பல கோத்த மாலைபோல, சிறு அலகுகள் வேதிப்பிணைப்பால் இணைந்த நெடிய மூலக்கூறுகளே அவை என்றார் செருமானிய அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர். அவருடைய கருத்தை ஏற்றோர் அன்று சிலரே.

கரோதர்ஸ் இவ்வழக்கைச் சொல்லால் தீர்க்க முயலவில்லை. அத்தகைய மாலையைத் தாமே கோத்துக் காட்டிவிட்டால் ஐயத்திற்கு இடமிராது என எண்ணினார். அதற்கு அவர் புதிய வினை எதனையும் தேடவில்லை. அமிலமும் ஆல்ககாலும் வினைபுரிந்து எஸ்தராக மாறும், அப்போது நீர் வெளியேறும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. இரு முனைகளிலும் அமிலத் தொகுதி கொண்ட மூலக்கூற்றையும், இரு முனைகளிலும் ஆல்ககால் தொகுதி கொண்ட மூலக்கூற்றையும் அவர் சேர்த்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கைகள் இருப்பதால், கை கோத்து நிற்கும் சிறுவர் வரிசைபோலச் சங்கிலி நீண்டுகொண்டே சென்றது. இவ்வாறு பிறந்தவையே பாலியெஸ்தர்கள்.

இவ்வாய்வின் வழியே பலபடிகளைச் சேர்க்கைப் பலபடி, குறுக்கப் பலபடி என அவர் வகைப்படுத்தினார். இன்றும் நம் வேதியியல் பாடநூல்களில் அவ்வகைப்பாடு நிலைத்து நிற்கிறது.

நீரை வென்ற கலம்

தொடக்கத்தில் கிடைத்த பாலியெஸ்தர்களின் மூலக்கூறு எடை ஏறத்தாழ ஆறாயிரத்தைத் தாண்டவில்லை. அவை மெழுகுபோல மென்மையாக இருந்தன. விரலால் அழுத்தினால் உதிர்ந்தன. தென்னை நார் துண்டு துண்டாக இருந்தால் அதனைக் கயிறாகத் திரிக்க இயலாது. நார் நீளமாக இருந்தால்தான் ஒன்றையொன்று பற்றிப் பின்னிக்கொண்டு இழுவிசையைத் தாங்கும். மூலக்கூறுச் சங்கிலிகளின் நிலையும் அதுவே.

சங்கிலி ஏன் மேலும் நீளவில்லை? எஸ்தர் உருவாகும் வினை இருதிசை வினை. வெளியேறிய நீர் கலத்திலேயே தங்கினால், அது மீண்டும் எஸ்தர்ப் பிணைப்பைத் தாக்கி உடைக்கிறது. ஒருபுறம் கோப்பதும் மறுபுறம் அறுவதுமாக வினை ஒரு நிலையில் நின்றுவிடுகிறது. தடையை அறிந்த கரோதர்ஸ் அதனை நீக்க வழிகண்டார். மிகு வெற்றிடத்தில் இயங்கும் மூலக்கூற்று வாலைக் கலத்தில், எஞ்சிய நீரையும் அவ்வப்போதே வெளியேற்றினார்.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், அவருடைய குழுவைச் சேர்ந்த ஜூலியன் ஹில் அக்கலத்திலிருந்து உருகிய பாலியெஸ்தரைக் குச்சியால் தொட்டு இழுத்தபோது அது நூலாக நீண்டது. அதன் மூலக்கூறு எடை பன்னிரண்டாயிரத்தைக் கடந்திருந்தது. குளிர்ந்த நூலை மேலும் இழுத்தபோது வியப்பு காத்திருந்தது. தாறுமாறாகக் கிடந்த சங்கிலிகள் ஒரே திசையில் அடுக்கப்பட்டு, நூல் பட்டுபோல் மின்னியது. உறுதியும் பன்மடங்கு கூடியது. நியோப்ரின் என்னும் செயற்கை இரப்பருக்கு வழிவகுத்த கண்டுபிடிப்பும் அதே திங்களில் அவருடைய குழுவினரால் நிகழ்ந்தது. ஸ்டாடிங்கரின் கருத்து மெய்யென்பதற்கு மறுக்கவியலாச் சான்றுகள் கிடைத்தன.

தயிரில் உள்ள அமிலம்

பாலைத் தயிராக்கும் நுண்ணுயிரிகள் அதிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. தயிரின் புளிப்புக்கு அதுவே காரணம். இவ்வமிலத்தின் ஒரே மூலக்கூற்றில் அமிலத் தொகுதியும் ஆல்ககால் தொகுதியும் உள்ளன. எனவே வேறெதன் துணையுமின்றித் தன்னைத்தானே கோத்துக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. ஆயினும் நேரடியாகச் சூடுபடுத்தினால் குறுகிய சங்கிலிகளே கிடைக்கும்.

1932ஆம் ஆண்டு கரோதர்சும் அவருடைய உடன்பணியாளர் இருவரும் வளைய எஸ்தர்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையொன்றை வெளியிட்டனர். இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகள் நீரை இழந்து இணைந்தால் ஆறு அணுக்கள் கொண்ட வளையம் உருவாகும். அதன் பெயர் லாக்டைடு. அவ்வளையத்தைச் சூடுபடுத்தித் திறந்தால் அது சங்கிலியாக இணைகிறது என்பதையும், சங்கிலி மீண்டும் வளையமாகத் திரும்பவும் கூடும் என்பதையும் அவர்கள் விளக்கினர். வளையம் திறக்கும்போது நீர் வெளியேறுவதில்லை என்பதே இம்முறையின் சிறப்பு. பாலிலாக்டிக் அமிலம் என்னும் மக்கும் நெகிழியை இன்று பெருமளவில் உருவாக்கும் முறைக்கு இதுவே வித்து.

ஆனால் அன்று கரோதர்சின் பார்வையில் இவ்வகை எஸ்தர்கள் குறையுடையனவாகவே இருந்தன. அவருடைய குழு உருவாக்கிய பாலியெஸ்தர் இழைகள் கொதிநீரின் வெப்பத்திற்கும் குறைவான வெப்பத்திலேயே உருகின. நீர் பட்டால் நாளடைவில் சிதைந்தன. துவைக்கவும் தேய்க்கவும் இயலாத நூலால் ஆடை நெய்ய முடியாது. ஆகவே அவை ஒதுக்கி வைக்கப்பட்டன.

நைலானின் வெற்றி

பாலியெஸ்தரைக் கைவிட்ட குழுவினர், எஸ்தர்ப் பிணைப்புக்கு மாற்றாக அமைடு பிணைப்பை அமைத்துப் பார்த்தனர். பட்டிலும் கம்பளியிலும் இயற்கை அமைத்திருப்பதும் அப்பிணைப்பே. 1935ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், கரோதர்சின் நெறிகாட்டலில் ஜெரார்டு பெர்ஷே என்னும் ஆய்வாளர் ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட இரு சேர்மங்களை இணைத்து ஒரு பலபடியைப் பெற்றார். அருகருகே உள்ள அமைடு சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுகப் பற்றியிருப்பதால், அது ஏறத்தாழ 260 பாகை செல்சியசில்தான் உருகியது. நீரால் எளிதில் சிதையவில்லை. அதுவே நைலான். 1938இல் நிறுவனம் அதனை உலகுக்கு அறிவித்தது. 1940இல் நைலான் காலுறைகள் அமெரிக்காவெங்கும் விற்பனைக்கு வந்தன.

அவ்வெற்றியைக் காணக் கரோதர்ஸ் உயிருடன் இல்லை.

அணைந்த விளக்கு

1936ஆம் ஆண்டு அவர் வாழ்வில் பெருமைகள் சேர்ந்த ஆண்டு. பிப்ரவரியில் ஹெலன் ஸ்வீட்மேன் என்பவரை மணந்தார். ஏப்ரலில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொழில் நிறுவனத்தில் பணியாற்றும் கரிம வேதியியலாளர் ஒருவர் அப்பெருமையைப் பெற்றது அதுவே முதன்முறை. எனினும் உள்ளத்தின் இருள் அகலவில்லை. தம்மால் இனிப் புதிதாக எதையும் படைக்க இயலாது என்னும் எண்ணம் அவரை அரித்தது. 1937 சனவரியில் அன்புத் தங்கை இசபெல் இறந்தார். அத்துயரிலிருந்து கரோதர்ஸ் மீளவே இல்லை. அவ்வாண்டு ஏப்ரல் 29ஆம் நாள், நாற்பத்தொன்றாம் பிறந்தநாள் கழிந்த இரண்டாம் நாளில், தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அவருடைய மகள் பிறந்தது அதற்கு ஏழு திங்கள் கழித்து.

மனச்சோர்வு ஒரு நோய். அது கோழைமையும் அன்று, குற்றமும் அன்று. அதனை ஆற்றும் மருந்துகள் அக்காலத்தில் கண்டுபிடிக்கப்படவில்லை. இன்று மருத்துவம் வளர்ந்துள்ளது. உள்ளம் சோர்ந்தவர் அதனைப் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ மனம்திறந்து சொன்னால் மீள வழியுண்டு. தம் பணி முடிந்துவிட்டதாகக் கரோதர்ஸ் கருதியது மெய்யன்று என்பதைக் காலம் காட்டியது.

குறையே நிறையாதல்

கரோதர்ஸ் ஒதுக்கிய எஸ்தர்ச் சங்கிலிகள் மறக்கப்படவில்லை. 1950களில் டூபாண்ட் ஆய்வாளர்கள், தூய்மைப்படுத்திய லாக்டைடைக் கொண்டு நீண்ட சங்கிலிகளைப் பெறும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். ஆனால் நீரால் சிதையும் குறை அப்போதும் நீங்கவில்லை. அக்குறையை நிறையாகக் கண்டவர்கள் மருத்துவ உலகினர். அறுவை மருத்துவத்தில் உடலுக்குள் இடும் தையல், புண் ஆறும்வரை தாங்கிவிட்டுப் பின்னர்த் தானே கரைந்துவிட்டால், தையலைப் பிரிக்க மீண்டும் கத்தி வைக்க வேண்டியதில்லை. லாக்டிக் அமிலத்தையும் அதன் உறவான கிளைகாலிக் அமிலத்தையும் கொண்டு உருவாக்கிய தையல் இழைகள் 1970களில் மருத்துவமனைகளில் இடம்பெற்றன.

மற்றொருபுறம், நெடுநாள் உழைக்க வேண்டும் என்று உருவாக்கப்பட்ட நைலான், பாலித்தீன் முதலிய நெகிழிகள் உலகெங்கும் குவிந்தன. கடலில் கைவிடப்பட்ட நைலான் வலைகள் ஆண்டுக்கணக்கில் மீன்களையும் ஆமைகளையும் சிக்கவைத்துக் கொன்றன. அழியாமை என்னும் நிறை, பெருங்குறையாகத் தெரியத் தொடங்கியது. எளிதில் சிதையும் பாலிலாக்டிக் அமிலத்தின் பக்கம் உலகின் கவனம் திரும்பியது.

2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளேர் என்னும் ஊரில், மக்காச்சோளத்திலிருந்து இந்நெகிழியைப் பெருமளவில் உருவாக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, நுண்ணுயிரிகளைக் கொண்டு நொதிக்கச் செய்து லாக்டிக் அமிலம் பெறுகின்றனர். அதனை லாக்டைடு வளையமாக்கித் தூய்மைப்படுத்தி, வெள்ளீயச் சேர்ம வினையூக்கியால் திறந்து, மூலக்கூறு எடை இலட்சத்தை எட்டும் சங்கிலிகளாகக் கோக்கின்றனர். கரோதர்ஸ் பிறந்த அயோவா மாநிலம், மிசௌரி ஆற்றின் மறுகரையில் அவ்வூருக்கு எதிரே விரிந்து கிடக்கிறது.

தரத்தை உயர்த்தும் முயற்சி

நீண்ட சங்கிலி கிடைத்தும் குறைகள் சில எஞ்சின. பாலிலாக்டிக் அமிலம் கண்ணாடிபோல் தெளிவானது. ஆனால் வளைத்தால் முறிந்துவிடும். ஏறத்தாழ 60 பாகை செல்சியசிலேயே இளகுவதால் சூடான தேநீரை அதில் ஊற்ற இயலாது. அறிவியலாளர் இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வருகின்றனர்.

நம் இரு கைகளைப்போல, லாக்டிக் அமிலத்துக்கும் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு வடிவங்கள் உண்டு. ஒரே வடிவ அலகுகளால் ஆன சங்கிலிகள் ஒழுங்காக அடுங்கிப் படிகமாகின்றன. இருவடிவ அலகுகளும் கலந்த சங்கிலி ஒழுங்கற்று நிற்கிறது. ஒரு வடிவச் சங்கிலிகளையும் மறுவடிவச் சங்கிலிகளையும் சேர்த்தால் அவை ஒன்றோடொன்று இறுகப் பொருந்தி, உருகுநிலை ஏறத்தாழ 230 பாகை செல்சியசுக்கு உயர்கிறது. இதனை 1987இல் சப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நுண்ணிய மாக்கல் தூளைச் சேர்த்தால் படிகம் விரைந்து உருவாகி வெப்பத்தைத் தாங்குகிறது. நெகிழ்வுடைய பிற மக்கும் பாலியெஸ்தர்களைக் கலந்தால் முறியும் இயல்பு குறைகிறது. தாவர நார்களைச் சேர்த்தால் விறைப்பு கூடுகிறது. வார்ப்பதற்குமுன் நெகிழி மணிகளை நன்கு உலர்த்துவதும் இன்றியமையாதது. ஈரம் எஞ்சினால், உருகும் வெப்பத்தில் அது எஸ்தர்ப் பிணைப்புகளை அறுத்துவிடும். கரோதர்ஸ் வெற்றிடக் கலத்தில் எதிர்த்து நின்ற அதே நீர், இன்றைய ஆலைகளிலும் எதிரியாகவே இருக்கிறது.

பயன் முடிந்தபின் அவ்வெதிரியே நண்பனாகிறது. ஏறத்தாழ 60 பாகை வெப்பம் நிலவும் தொழில்முறை உரக்கிடங்குகளில் ஈரம் சங்கிலிகளைத் துண்டாக்க, நுண்ணுயிரிகள் அத்துண்டுகளை உண்டு கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. வெப்பமில்லா மண்ணிலோ கடலிலோ இச்சிதைவு மிக மெதுவாகவே நிகழும். ஆதலின் மக்கும் நெகிழி என்னும் பெயரை நம்பி அதனைத் தெருவில் எறிதல் தகாது. முறையாகத் திரட்டி உரமாக்கும் ஏற்பாடு இல்லையெனில், பொருளின் தரம் எவ்வளவு உயர்ந்தாலும் பயனில்லை.

நிறைவாக

ஒரு பொருளின் நன்மை தீமையை அதன் இயல்பு மட்டும் முடிவு செய்வதில்லை. எதற்காக, எவ்வளவு காலத்திற்கு அதனைப் பயன்படுத்துகிறோம் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. ஆடைக்கு ஆகாத எஸ்தர் இழை அறுவை மருத்துவத்திற்கு அருமருந்தாயிற்று. காலுறையில் போற்றப்பட்ட நைலானின் நீடிப்பு, கடலில் கேடாக முடிந்தது. தரம் என்பதன் பொருளை நம் தலைமுறை விரித்துக் காண வேண்டியுள்ளது. எத்தனை நாள் உழைக்கும் என்பதோடு, எவ்வாறு அழியும் என்பதையும் கேட்டறிந்து படைப்பதே இனிவரும் அறிவியலாளரின் கடமை.

கரோதர்ஸ் டூபாண்ட் ஆய்வகத்தில் செலவிட்ட காலம் பத்தாண்டுகூட நிறையவில்லை. தமக்குப் பயன்படாது என ஒதுக்கியவற்றையும் அவர் அளந்து, ஆராய்ந்து, முறையாக எழுதி வெளியிட்டார். அதனால்தான் எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் பிறர் அவற்றை எடுத்துத் தொடர முடிந்தது. அவர் கோத்த சங்கிலியின் அடுத்த கண்ணியைச் சேர்க்கும் வாய்ப்பு, இன்று வகுப்பறையில் அமர்ந்து வேதியியல் பயிலும் மாணவர்களின் கைகளில் இருக்கிறது.